நாலு பச்சையில் ஒரு தங்கச்சி

எனக்குக் கடலில் தலை சுற்றாது. மட்டாஞ்சேரியிலிருந்து எறணாகுளம் போகிற படகில், கர்க்கடக மாசத்து மழையில், மற்றவர்களெல்லாம் கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு படைத்தவனைக் கூப்பிடும்போது நான் நின்றபடியே பழம்பொரி தின்பேன். மலைப்பாதையில் பஸ்ஸின் கடைசி சீட்டு, பெருநாள் சந்தையில் ராட்டினம், எதுவும் என்னை ஒன்றும் செய்ததில்லை. ஆனால் ஒரு திரையில் ஒரு பொம்மை மனிதன் நாலடி நடந்து கழுத்தைத் திருப்பினால் போதும், எனக்குக் குடல் வாய்க்கு வந்துவிடும்.

இதை ஒரு டாக்டரிடம் கேட்டேன். "ஓடுறோம்னு கண்ணு சொல்லுது, உக்காந்திருக்கோம்னு காது சொல்லுது. ரெண்டுக்கும் சண்டை, அதான் மயக்கம்" என்றார்.

"ரெண்டுல எது பொய் சொல்லுதோ அதுக்கு மாத்திரை குடுங்க சார்" என்றேன். அவர் சிரித்தார். மாத்திரை தரவில்லை. கஷ்டத்தைச் சொன்னால் சிரிக்கிற டாக்டரிடம் நான் மறுபடி போவதில்லை.

இந்தச் சீக்கால் எனக்கு உலகத்தில் ஒரே ஒரு நஷ்டம்தான். ஒரு விளையாட்டின் முடிவு எனக்குத் தெரியாமல் போயிற்று.

நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது பள்ளுருத்தி போகிற வழியில் ஒரு வீடியோ கேம் கடை இருந்தது. அதுவரை விளையாட்டு என்றால் தட்டையாக இருக்கும். பொம்மை இடமிருந்து வலமாக ஓடும், குதிக்கும், சாகும். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்தத் தெருவிலேயே நான்தான் ராஜா. பிறகு அந்தப் புது விளையாட்டு வந்தது. ஒரு தீவு, நடுவில் ஒரு கோட்டை. அண்ணன் ஒருத்தன், காணாமல் போன தங்கச்சியைத் தேடி, கையில் விளக்கை எடுத்துக்கொண்டு கோபுரம் கோபுரமாக ஏறுகிறான். கதை அவ்வளவுதான். ஆனால் எல்லாம் த்ரீடி. நாம் அவன் முதுகுக்குப் பின்னாலேயே போக வேண்டும். அவன் திரும்பினால் உலகமே திரும்பும். முதல் கோபுரத்தில் ஒரு படிக்கட்டு, வளைந்து வளைந்து ஏறும், எந்தப் பாவி வரைந்தானோ, அதில் பாதி ஏறும்போது நான் கடைக்காரரின் கீபோர்டு மேல் வாந்தி எடுத்தேன்.

மறுநாளும் போனேன். மறுநாளும் எடுத்தேன். கடைக்காரர் நல்ல மனுஷன், விரட்டவில்லை. என் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு வாளியைக் கொண்டுவந்து வைத்தார். அதோடு பையன்கள் என்னை 'வாளி' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். வாளி வந்தாச்சா, வாளி போயாச்சா, வாளிக்கு ஒரு சோடா. கடைசியில் நான் தோற்று, வெளியே பாலத்துக் கட்டையில் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு உட்கார்ந்திருக்க, மற்றவன்கள் ஒருத்தன் பின் ஒருத்தனாக விளையாட்டை முடித்துவிட்டு வெளியே வந்தான்கள். ஒவ்வொருத்தனுக்கும் கண் சிவந்திருந்தது. ஓயாமல் வாயடிக்கிற பயல்கள், ஒரு வார்த்தை பேசாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான்கள். தங்கச்சி கிடைத்தாளா இல்லையா? எனக்கு மட்டும் தெரியாது. அந்த வயசில் அது பெரிய அவமானம். இந்த வயசிலும் அவமானம்தான், எதற்குப் பொய் சொல்ல வேண்டும்?

"யாரும் எங்கிட்ட முடிவச் சொல்லக் கூடாது. நானே என் கையால முடிச்சுப் பாப்பேன்" என்று அன்றைக்கே எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். சொன்ன சொல்லைக் காப்பாற்ற நான் பட்ட பாடு கொஞ்ச நஞ்சமில்லை. போன் வந்த பிறகு உலகமே எல்லாவற்றின் முடிவையும் கத்திக்கொண்டு திரிகிறது. அந்தத் தீவின் படம் தெரிந்தாலே போனைக் கவிழ்த்து வைத்துவிடுவேன். ஒரு கல்யாணத்தில் பக்கத்தில் உட்கார்ந்த சின்னம்மா மருமகன், பிரியாணிக்கு நடுவில், "மச்சான், அந்த கேம்ல கடைசில அந்தத் தங்கச்சி..." என்று ஆரம்பித்தான். என் தட்டில் இருந்த கோழிக்காலை எடுத்து அவன் வாயில் வைத்து அடைத்தேன். பாசத்தில் ஊட்டிவிடுகிறேன் என்று நினைத்து நாலு பேர் போட்டோ எடுத்தார்கள். ஆல்பத்தில் இன்றைக்கும் இருக்கிறது.

இப்போது எனக்குக் காலிச் சாக்கு வியாபாரம். பஜாரில் மிளகுக்கும் சுக்குக்கும் அரிசிக்கும் கிடங்கு வைத்திருப்பவர்கள் காலி செய்த சாக்கை வாங்கி, உதறி, தைத்து, வேறு கிடங்குக்கு விற்கிறேன். தும்மல் நிறைய வரும், மற்றபடி மரியாதையான தொழில். வீட்டுக்காரி என் மாமா மகள். மாமாவுக்கு இதே பஜாரில் அரிசி மண்டி. அவள் மண்டியிலேயே மூட்டைகளுக்கு நடுவில் வளர்ந்தவள். படித்து முடித்து, இப்போது பஜார் கடைகளுக்கெல்லாம் பில் போடுகிற புரோகிராம் எழுதிக் கொடுக்கிறாள். வீட்டில் தமிழ் பேசுவாள், எழுதச் சொன்னால் மலையாளத்தில் எழுதுவாள், சண்டை போடும்போது இரண்டையும் கலப்பாள்.

அரிசி மண்டிக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, அதைச் சொல்லாவிட்டால் பிறகு நடந்தது விளங்காது. அவர்கள் மூட்டையைப் பிரித்துப் பார்க்க மாட்டார்கள். குத்தூசி என்று ஒரு கூரான குழல் வைத்திருப்பார்கள். மூட்டையின் விலாவில் ஒரு குத்து. குழல் வழியாக உள்ளங்கையில் கொஞ்சம் அரிசி விழும். அதைப் பார்த்து, முகர்ந்து, இரண்டைக் கடித்துவிட்டு ஒரு லாரி அரிசி முழுவதற்கும் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். தப்பாது. என் வீட்டுக்காரி உலகத்தையே அப்படித்தான் பார்க்கிறாள். டிவி தொடரில் மாசத்துக்கு ஒரு நாள் பார்த்துவிட்டுக் கதை முழுக்கச் சொல்வாள். என்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதம் கேட்டபோதும், ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "கோவம் வந்தா சோறு திங்காம படுப்பீங்களா?" இல்லை, தின்றுவிட்டுத்தான் படுப்பேன் என்றேன். "மதி", போதும் என்று எழுந்து போய்விட்டாள். என் மொத்த குணத்துக்கும் அந்த ஒரு குத்துதான்.

போன வருஷம் மழையில் சாக்கெல்லாம் நமுத்துப்போய் வியாபாரம் படுத்துக் கிடந்தது. கடையில் உட்கார்ந்து போனைத் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தக் கூட்டத்தைக் கண்டுபிடித்தேன். ரீமேக் என்றால் எல்லாருக்கும் தெரியும், பழசைப் புதுசாக்குவது. இவர்கள் செய்வது நேர் எதிர். கோடி கோடியாகக் கொட்டி எடுத்த பெரிய த்ரீடி விளையாட்டை எடுத்து, அது இன்னும் பழைய காலத்தில் வந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்து, தட்டையாக, கட்டம் கட்டமாக, கீச் கீச் பாட்டோடு செய்கிறார்கள். டீமேக் என்று பெயராம். கூலி கிடையாது, யாரும் கேட்கவும் இல்லை. ஆசைக்குச் செய்கிறார்கள். அதிலும் சட்டம் வேறு. உள்ளங்கையில் வைத்து ஆடுகிற பழைய கைப்பெட்டி விளையாட்டு மாதிரி செய்தால் நாலே நாலு பச்சைதான் உண்டு: கரும்பச்சை, பச்சை, வெளிர்பச்சை, அதைவிட வெளிர்பச்சை. ஐந்தாவதாக ஒரு நிறம் வைத்தவனை அந்தக் கூட்டத்தில் கொலைகாரனைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள்.

ஒன்றை இறக்கி விளையாடிப் பார்த்தேன். இரண்டை விளையாடினேன். தலை சுற்றவில்லை! சாக்குக் கட்டு மேல் உட்கார்ந்தபடி, பெயர் மட்டும் கேள்விப்பட்டிருந்த பெரிய பெரிய விளையாட்டுகளையெல்லாம் வாந்தி இல்லாமல் விளையாடினேன். அல்லாவே, எனக்கென்றே ஒரு கூட்டம் உலகத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறதே என்று நினைத்தேன். ஆனால் அந்தத் தீவை, அந்த அண்ணனை, ஒருத்தரும் தட்டையாக்கி இருக்கவில்லை. தேடித் தேடிப் பார்த்தேன், இல்லை.

வீட்டுக்காரியிடம் சொன்னேன்.

"எனக்கு வேற சோலி இல்லையா மச்சான்?" என்றாள். "பில்லு போடுற கடைக்காரனுங்க உசிர வாங்குறானுங்க, இதுல உங்க தங்கச்சிய வேற தேடணுமா?"

"என் தங்கச்சி இல்ல, அவன் தங்கச்சி."

"யாரு தங்கச்சியா இருந்தா எனக்கென்ன?"

இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். சோறு மட்டும் தின்றேன், அது வாக்கு. பிறகு அவளே ஒரு பேச்சுக்கு வந்தாள். மாடி அறையில் நான் அடுக்கி வைத்திருந்த சாக்குக் கட்டுகள் முழுவதும் வெளியே போக வேண்டும், இனி வீட்டுக்குள் ஒரு சாக்குக்கூட வரக் கூடாது, சாக்குப் பூச்சியும் வரக் கூடாது. அப்படியானால் செய்து தருகிறாள். அன்றைக்கே மாடியைக் காலி செய்தேன்.

அவள் அசலை விளையாடிப் பார்த்தால்தானே நகல் செய்ய முடியும்? கதவைச் சாத்திக்கொண்டு மாடியில் விளையாடுவாள். நான் படியில் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டு, "முடிச்சிட்டியா?" என்று கத்துவேன். "காதைப் பொத்திக்கிட்டு கேள்வி கேட்டா பதில் எப்படிக் கேக்கும்?" என்று உள்ளேயிருந்து அவள் கத்துவாள், அதுவும் எனக்குக் கேட்காது. ரொம்பச் சீக்கிரமாக எல்லாக் கோபுரத்தையும் பார்த்துவிட்டேன் என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. அரிசிக் குடும்பத்துப் பெண் என்றால் சும்மாவா?

பிறகு வரைய ஆரம்பித்தாள். ஒரு உருவத்துக்கு அகலத்தில் பதினாறு புள்ளி, உயரத்தில் பதினாறு புள்ளி. அசலில் அண்ணன் தலையில் முக்காடு போட்டிருப்பான், அழகாக இருப்பான். பதினாறு புள்ளியில் அவன் தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு போகிற நான் ஆகிவிட்டான். "பாத்துப் பழகுன ஒடம்பு, கை தானா வரையுது" என்றாள். கோட்டையைக் காவல் காக்கிற ஒரு மிருகம் உண்டு, கொம்பும் பிடரியுமாகப் பயங்கரமாக இருக்கும். அது அவள் கையில் ஆடாக வந்து நின்றது. எத்தனை தடவை அழித்து வரைந்தாலும் ஆடுதான். கீழே சாயாக்கடை வைத்திருக்கிற சேட்டனிடம் காட்டினேன். எங்கள் தெருவின் எல்லா விவகாரத்துக்கும் அவர்தான் நீதிபதி. கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுப் பார்த்தார்.

"இது நம்மட ஏலக்காய் கடையிலே ஆடு அல்லே?" என்றார்.

"ஆடு இல்ல சேட்டா, அரக்க மிருகம்."

"அதே, அந்த ஆடு அரக்கனாணு. நேத்து என்றெ மூணு பழம்பொரி தின்னு."

மட்டாஞ்சேரி ஆடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சேட்டன் சொன்னதில் தப்பில்லை. கிடங்கு வாசலில் காலை அகட்டி நின்றுகொண்டு, லாரியே வந்தாலும் அதுவாக யோசித்துத்தான் நகரும். ஆடே இருக்கட்டும் என்று முடிவு செய்தோம்.

பாட்டில்தான் வம்பு வந்தது. அசலில் ஒரு நீளமான சோகப் பாட்டு. பழைய கைப்பெட்டியில் அதெல்லாம் முடியாது, பீப் பீப் மட்டும்தான். அவள் மாடி ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு அந்தப் பீப்பை ஓடவிட்டாள். அது அப்படியே லாரி பின்னால் வருகிற சத்தம். கீழே அரிசி இறக்கிக்கொண்டிருந்த சுமட்டுக்காரர்கள் மூட்டையைப் போட்டுவிட்டுச் சுவரோடு ஒட்டினார்கள். ஒருத்தர் பழக்க தோஷத்தில், வராத லாரிக்குக் கையை ஆட்டி, "போரட்டே, போரட்டே!" வரட்டும், வரட்டும் என்று வழி காட்டினார். லாரி எங்கே என்று ஆளாளுக்குத் தேட, மாடியில் என் வீட்டுக்காரி, "சோகமா இருக்குல்ல?" என்று என்னைக் கேட்டாள்.

ஒரு வழியாக விளையாட்டு என் கைக்கு வந்தது. நான் அதை விளையாடிய விதத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். கடையில், படகில், சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில். ஒவ்வொரு கோபுரத்து ஆட்டிடமும் செத்தேன். என்னைத் தோற்கடித்த அந்த வளைந்த படிக்கட்டு இங்கே நேராக நின்றது, ஏணி மாதிரி. அதில் ஏறி மேலே போனபோது கடையில் எழுந்து நின்று சத்தம் போட்டேன்; சாக்கு வாங்க வந்தவர் பயந்து வெளியே போய் நின்றுகொண்டார். கடைசிக் கோபுரத்தின் உச்சியில் ஒரு கதவு திறந்தது. உள்ளே தங்கச்சி நின்றாள், பதினாறு புள்ளியில் ஒரு சின்னப் பெண். அண்ணன் ஓடினான். இரண்டு பொம்மையும் ஒட்டி ஒரே பச்சைத் திட்டு ஆயிற்று. சினிமா முடியும்போது வருமே, அதுபோல் பெயர்கள் கீழிருந்து மேலே ஓடின.

கிடைத்துவிட்டாள்! நான் அழுதேன். வெட்கமில்லாமல், மூக்கை உறிஞ்சி உறிஞ்சி, சாக்கில் முகத்தைத் துடைத்து அழுதேன். சாக்கில் மிளகாய் மூட்டையின் தூசி இருந்திருக்கிறது, அதனால் இன்னும் நன்றாக அழுதேன். அன்று சாயங்காலம் சேட்டன் கடையில் தெருவுக்கே சாயாவும் பழம்பொரியும் என் செலவு. "எந்தா விசேஷம்?" என்று கேட்ட ஒவ்வொருத்தருக்கும், "தங்கச்சி கிட்டிப்போயி" என்று சொன்னேன். எனக்குத் தங்கச்சியே கிடையாது என்று தெரிந்தவர்கள்கூடக் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

அந்தச் சந்தோஷத்தில் வீட்டுக்காரி விளையாட்டை அந்த டீமேக் கூட்டத்தின் பக்கத்தில் ஏற்றிவிட்டாள். மறுநாளே கருத்துகள் வர ஆரம்பித்தன. ஆட்டைப் பற்றித்தான் நிறைய. ஆடு அருமை, ஆடு பயங்கரம், ஆட்டை வைத்துத் தனியாக ஒரு விளையாட்டு வேண்டும். நான் சாயாவை உறிஞ்சிக்கொண்டே சேட்டனுக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். அப்படியே அடுத்ததையும் படித்தேன். முதல் பாதி பிரமாதமாக இருக்கிறது, இரண்டாம் பாதி எப்போது வரும் என்று ஒருத்தர் கேட்டிருந்தார். கீழே இன்னொருத்தர்: ஆமாம், அந்தப் போலித் தங்கச்சியைக் கட்டிப்பிடிக்கிற இடம் வரைக்கும் அழகு, நிஜத் தங்கச்சியைச் சீக்கிரம் கொண்டுவாருங்கள்.

சாயா கிளாஸைக் கீழே வைத்தேன்.

"அப்போ இன்னலெ கிட்டியது ஆரு?" என்று கேட்டார் சேட்டன். நேற்று கிடைத்தது யார்? நல்ல கேள்வி! தெருவுக்கே சாயா வாங்கிக் கொடுத்துக் கொண்டாடினேனே, அவள் யார்?

வீட்டுக்கு ஓடினேன். "நீ அந்த விளையாட்ட முழுசா ஆடுனியா இல்லையா?"

"எல்லாக் கோபுரமும் பாத்தேனே."

"ஆடிப் பாத்தியா?"

"அது எதுக்கு? நடுவுல நடுவுல விளையாடி நிறுத்துனத ஆளுங்க சேத்து வச்சிருக்காங்க மச்சான், சும்மாவே இறக்கிக்கலாம், நேரா அந்த எடத்துலயே போய் நிக்கும். கோபுரத்துக்கு ஒண்ணா எடுத்துப் பாத்தேன். கடைசில பேரெல்லாம் ஓடிச்சு. பேரு ஓடுனா முடிஞ்சுதுன்னுதானே அர்த்தம்?"

எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறியது. "குத்தூசி! விளையாட்டுல குத்தூசி போட்டுப் பாத்திருக்க! அது என்ன அரிசி மூட்டையா?"

நான் ஏதோ மன்னிப்புக் கேட்பாள் என்று நினைத்தேன். அவள் என்னைவிடப் பெரிதாகக் கத்தினாள். "மேல ஒரு அரிசி, அடில வேற அரிசி வச்சிருப்பான்னு எனக்கு எப்படித் தெரியும்? பேரையும் ஓடவிட்டு, கட்டிப்பிடிக்கவும் வச்சு, அதுக்குக் கீழ இன்னொரு பாதிய ஒளிச்சு வச்சிருக்கான்! எங்க மண்டில இப்படிச் செஞ்சா லாரியோட திருப்பி அனுப்புவோம். இது கலப்படம் மச்சான், பச்சைக் கலப்படம்!"

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். இரண்டாம் பாதியைத் தட்டையாக்க அடுத்த மழைக்காலம் ஆகும் என்றாள். அதுவரைக்கும் நான் எங்கே ஒளிவேன்? தினமும் கருத்து வருகிறது. சேட்டன் போனிலும் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்திருக்கிறார். இத்தனை வருஷம் பொத்திப் பொத்தி வைத்த முடிவை யாரோ ஒருத்தர் போகிற போக்கில் போட்டு உடைத்துவிடப் போகிறார் என்று நிஜமாகவே பயந்தேன்.

அவளுக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். "அசலையே ஆடிரலாம்" என்றாள். "உங்க கையிலதான் பட்டன். நீங்க டிவிக்கு முதுகைக் காட்டி உக்காருங்க. நான் பாத்துச் சொல்றேன், நீங்க அழுத்துங்க."

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்மா முடிந்து, சாப்பிட்டு, மாடியில் உட்கார்ந்தோம். முதல் நாள் முதுகைக் காட்டி உட்கார்ந்தும் எனக்கு எதிரே இருந்த பீரோக் கண்ணாடியில் டிவி தெரிந்துவிட்டது. ஓடிப்போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். அதற்குப் பிறகு அவள் துப்பட்டாவால் என் கண்ணைக் கட்டினாள்.

"இடது" என்பாள்.

"உன் இடதா, என் இடதா?"

"அவன் இடது! ஐயோ, விழுந்துட்டான்."

அந்த அண்ணன் எங்கள் கையில் விழுந்ததுபோல் வேறு யார் கையிலும் விழுந்திருக்க மாட்டான். பாறையிலிருந்து விழுந்தான், பாலத்திலிருந்து விழுந்தான், சும்மா நின்ற இடத்திலிருந்து விழுந்தான். இரண்டு பேரும் தொண்டை கட்டுகிற அளவுக்குச் சண்டை போட்டோம். ஒரு வெள்ளிக்கிழமை கீழே ஒரு லாரி பின்னால் வர, சுமட்டுக்காரர் குரல் கொடுத்தார். வீட்டுக்காரி சட்டென்று நிமிர்ந்தாள். மண்டியில் வளர்ந்தவள், பேசக் கற்றுக்கொள்வதற்கு முன்பே லாரிக்கு வழி சொல்லக் கேட்டவள். அன்றிலிருந்து இடது, வலது போயிற்று; லாரிக்குச் சொல்வதுபோலவே வரட்டும், திருப்பு, போதும் என்று சொல்ல ஆரம்பித்தாள். "போரட்டே, போரட்டே, கொஞ்சம் ஒடி, இன்னும் ஒடி, மதி மதி மதி! நேர... போரட்டே... குதி!" அவன் விழவே இல்லை. மலையில் ஏறினான், கடலைக் கடந்தான், என் கட்டை விரலும் அவள் தொண்டையுமாக.

நடுவில் எப்போதோ அவள் மாறிப்போனாள். "இது எதுக்கு மச்சான், இந்த எடத்த விட்டுட்டுப் போயிரலாம்" என்று ஆரம்பத்தில் சொன்னவள், பிறகு, "இருங்க, அந்த மூலையையும் பாத்திட்டுப் போவோம்" என்றாள். காற்று எப்படி அடிக்கிறது, கல்லில் பாசி எந்தப் பக்கம் பிடித்திருக்கிறது என்றெல்லாம் சொன்னாள். கண்ணைக் கட்டிக்கொண்டு நான் அவ்வளவையும் பார்த்தேன்.

கடைசி வெள்ளிக்கிழமை மழை விட்டு வெயில் அடித்தது. "கரை வந்திருச்சு" என்றாள். "ஒரு வீடு தெரியுது. வாசல்ல யாரோ நிக்கிறாங்க. போரட்டே... போரட்டே... மதி." நான் பட்டனை விட்டேன்.

"என்ன ஆச்சு? தங்கச்சியா?"

அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"ஏய், சொல்லு!"

"இத நான் சொல்ல மாட்டேன்" என்றாள், குரல் உடைந்திருந்தது. "கட்ட அவுத்துட்டுத் திரும்பிப் பாருங்க."

"சுத்துமே."

"சுத்தாது. அசையவே இல்ல."

துப்பட்டாவை இறக்கித் திரும்பினேன். முடிவு ஒரு படம். வெறும் அசையாத படம். நாள்காட்டியில் தொங்குகிறதே, அந்த மாதிரி. இத்தனை வருஷம் நான் பயந்து ஓடியதைச் சின்னப் பிள்ளைகூடத் தலை சுற்றாமல் பார்த்திருக்கலாம். விளக்கோடு அண்ணன் நிற்கிறான், புறப்பட்டபோது இருந்த அதே வயசு. வாசலில் தங்கச்சி. அவளுக்குத் தலை நரைத்திருக்கிறது. அந்தக் கரையில் காலம் வேறு கணக்கில் ஓடியிருக்கிறது. அவள் அவனைப் பார்க்கிறாள், வழி கேட்க வந்த ஆளைப் பார்ப்பதுபோல். அவ்வளவுதான். பெயர் ஓடவில்லை, பாட்டு இல்லை.

எனக்கு அழுகை வந்தது, இந்தத் தடவை சத்தமில்லாமல். கிடைத்தாளா என்றுதானே கேட்டுக்கொண்டிருந்தேன்? கிடைத்துவிட்டாள். ஆனால் இப்படி.

வீட்டுக்காரி அழுதுகொண்டே திட்டினாள். "இம்புட்டுத் தூரம் வந்திருக்கான், ஒரு அடி எடுத்து வச்சா கொறஞ்சா போயிருவா? கல்நெஞ்சுக்காரி! இத எழுதுனவன் யாரு, அவனுக்குக் கூடப் பொறந்தவங்க யாருமே இல்லையா?" படத்தின் முன்னால் உட்கார்ந்து, இப்போது அசைவாள், இப்போது அசைவாள் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பாங்கு சொன்ன பிறகுதான் எழுந்தாள்.

இரண்டாம் பாதியை இந்த மழைக்காலத்தில் முடித்தாள். இந்தத் தடவை குத்தூசி இல்லை; ஒரு கல் விடாமல் பார்த்துப் பார்த்து வரைந்தாள். நான்தான் முதலில் விளையாடினேன். கடைசியில் அதே கரை, அதே வாசல், நாலு பச்சை. பதினாறு புள்ளியில் நரை தெரிவதற்கு வெளிர்பச்சையில் இரண்டே புள்ளி. அண்ணன் வந்து நின்றான். நானும் பட்டனிலிருந்து கையை எடுத்துவிட்டேன், முடிந்துவிட்டதே என்று. அப்போது வாசலில் நின்ற அந்தக் கிழத் தங்கச்சி அவனைப் பார்த்து ஓர் அடி எடுத்து வைத்தாள். ஒரே ஓர் அடி. பிறகு எல்லாம் நின்றது.

அந்தக் கூட்டத்தில் பெரிய கலவரம். அசலில் இல்லாததைச் சேர்ப்பது ஐந்தாவது நிறத்தைவிடப் பெரிய குற்றமாம். எடுத்துவிடு, எடுத்துவிடு என்று எழுதித் தள்ளினார்கள். மரியாதையாக எழுதியவர்களும் உண்டு: உங்கள் வேலை அற்புதம், ஆனால் அசலில் அவள் நடக்க மாட்டாள், தெரியுமல்லவா? வீட்டுக்காரி எல்லாவற்றையும் உட்கார்ந்து படித்தாள். ஒன்றைக்கூட விடவில்லை.

"என்ன எழுத?" என்றேன், அவளுக்காகப் பதில் டைப் செய்யப் போனைக் கையில் எடுத்துக்கொண்டு.

"அங்க அவ நின்னுக்கிட்டே இருக்கட்டும்னு எழுதுங்க" என்றாள். "எங்க வீட்டுல நடப்பா."